சிஸ்டரிடம் கேளுங்கள்: இடுப்பு வலியும் கவட்டு வலியும்

போன மாதம் இரத்தசோகையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் பற்றி வந்த கடிதங்கள் கொஞ்சம்தான். அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வலியைப் பற்றி வந்தவைதான் அதிகம். மாசமாக இருக்கும்போது இடுப்புக் கூட்டில், அதுவும் கவட்டில் வரும் வலி. அதனால் இந்த முறை அந்த ஒரு வலியை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 34 வருடம் பிரசவ அறையில் நின்ற நர்ஸ். உங்களைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தலைப்பிரசவம், இப்போது 29 வாரம். மூன்று வாரமாகக் கவட்டின் நடுவில், எலும்பிலேயே வலி. மேல் தட்டிலிருந்து சேலை எடுக்க ஸ்டூலில் ஏறினால் உயிர் போகிறது. இரவில் புரண்டு படுத்தால் உள்ளே 'களுக்' என்கிறது. இடுப்பு வலிக்கிறது என்று வீட்டில் சொன்னதும் பதறிப்போய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பிரசவ வலி இல்லை என்று பார்த்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, வேலை செய்யாமல் இருக்க நடிக்கிறாள் என்கிறார் மாமியார். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா, சிஸ்டர்?
– பெயர் வேண்டாம், செல்லூர்

பதில்: குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தாயி. முதலில் அதை மனதில் போட்டுக்கொள். இந்த வலி உன் எலும்பு மூட்டில் இருக்கிறது. கருப்பையில் இல்லை.

ஆட்டோ பிடித்ததில் உன் வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். நம் பேச்சில் 'இடுப்பு வலி' என்றாலே பிரசவ வலி என்றுதானே பொருள். 'அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது' என்று சொன்னால் தெருவே துணிப்பையைக் கட்டத் தொடங்கிவிடும். ஆனால் மூட்டு வலிக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஒருமுறை போய் 'பிரசவ வலி இல்லை' என்று திரும்பி வந்துவிட்டால், அடுத்து நீ என்ன சொன்னாலும் நடிப்பு. பிரசவ அறை வாசலில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டு, முகம் சுண்டி நடந்துபோன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரை அனுப்பியவளே நான்தான். அதனால் இனி வீட்டில் 'இடுப்பு வலி' என்று சொல்லாதே. 'கவட்டெலும்பு வலிக்கிறது' என்று சொல். மருத்துவரிடமும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டு.

நடப்பது இதுதான். இடுப்பெலும்பு என்பது ஒரே எலும்பு இல்லை, ஒரு வளையம். பின்பக்கம் முதுகுத் தண்டின் அடியில் இரண்டு மூட்டு, முன்பக்கம் கவட்டில் ஒரு மூட்டு. முன்மூட்டில் இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. சாதாரணமாக அந்த இடைவெளி 4 முதல் 5 மில்லிமீட்டர். பிரசவத்துக்கு வழி விடுவதற்காகக் கர்ப்ப காலச் சுரப்புகள் தசைநார்களை இளக்கும்போது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இளகும், எல்லாருக்கும் வலிக்காது. மூன்று மூட்டும் ஒரே சீராக அசையாமல் ஒன்று இழுக்க இன்னொன்று பிடிக்கும்போதுதான் வலி. ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. உன் கடையில் சேலை எடுக்க வரும் மாசமான பெண்களை எண்ணிப் பார்த்துக்கொள்.

எனக்கும் வந்தது. 1988-இல், இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் பிரசவ அறை கீழே, வார்டு மாடியில். இரவுப் பணியில் எத்தனை முறை ஏறி இறங்குவேன் என்று கணக்கே இல்லை. பெரிய மருத்துவரிடம் சொன்னேன். 'கர்ப்பம் என்றால் வலிக்கத்தான் செய்யும், நர்ஸாக இருந்துகொண்டு நீயே இப்படிச் சொல்லலாமா' என்றார். கைப்பிடியைப் பிடித்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் படி ஏறிக்கொண்டிருந்த என்னை, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா அம்மா நிமிர்ந்து பார்த்தார். 'சின்னப் பிள்ளை ஏறுகிற மாதிரி ஏறு. ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வை, பிறகு அடுத்த படி' என்றார். அவ்வளவுதான் வைத்தியம். அன்றிரவு பாதி வலி குறைந்தது. பல வருடம் கழித்து ஓர் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) எங்களுக்கு வகுப்பெடுத்தபோது, படம் போட்டுக் காட்டி அதையேதான் சொன்னார்.

ஆயா அம்மா சொன்னதை நீட்டிப் பார்த்தால் இந்த வலிக்கு இரண்டே இரண்டு விதி கிடைக்கும். ஒற்றைக் காலில் நிற்காதே, கவட்டை அகட்டாதே. நாள் முழுக்க நீ செய்வதை எல்லாம் இந்த இரண்டையும் வைத்துச் சலித்துப் பார்.

பாவாடையை நின்றுகொண்டு ஒவ்வொரு காலாக நுழைக்கிறாயா? ஒற்றைக் கால். கட்டிலில் உட்கார்ந்து நுழைத்துக்கொள், அல்லது தலை வழியாகப் போட்டுக்கொள். ஸ்டூலில் ஏறுவது ஒற்றைக் கால், அகட்டல் இரண்டும் சேர்ந்தது. அதை இன்றோடு நிறுத்து. கணவரின் வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் அகட்டல். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு முறுகும், பள்ளத்தில் குலுங்கும். இரண்டுமே வேண்டாம். ஆட்டோவில் ஏறும்போது முதலில் முதுகைக் காட்டி உட்கார், பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து உள்ளே திருப்பு. பஸ் படியில் ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நடத்துநர் விசில் ஊதினால் ஊதட்டும். நீ இறங்கி முடிக்கும்வரை பஸ் நிற்கும்.

இரவுக்கு: ஒருக்களித்துப் படு. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. அது கணுக்கால் வரை நீண்டிருந்தால் இன்னும் நல்லது. பழைய சேலை இரண்டைச் சுருட்டினாலும் போதும். புரளும்போது முழங்கால்களை ஒட்டிவைத்து, தோளும் இடுப்பும் காலும் ஒரே கட்டையாக உருள வேண்டும். பாதி தூக்கத்தில் ஒரு காலை மட்டும் வீசிப் புரள்கிறாயே, அதுதான் உன் 'களுக்'. அந்தச் சத்தத்தால் எலும்பு உடையாது, பயப்படாதே. எழும்போதும் ஒருக்களித்து, கையை ஊன்றி, இரண்டு காலையும் சேர்த்துக் கீழே விடு. தரையில் பாய் விரித்துப் படுப்பவளாக இருந்தால் பிரசவம் வரை கட்டிலுக்கு மாறிக்கொள்.

அடுத்தது கடை. பத்து மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரிப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். என் சித்தி மகளும் ஜவுளிக்கடையில்தான் இருந்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது என்பார்களாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்து, வேலை நேரத்தில் ஊழியர்கள் உட்கார்ந்துகொள்ள இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மாசமானவர்களுக்கு மட்டும் இல்லை, எல்லா ஊழியர்களுக்கும். எனவே நீ கேட்பது சலுகை அல்ல. அதோடு, அதிக நேரம் நிற்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது என்று மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு, பில் போடும் மேசைக்கோ மடிக்கும் இடத்துக்கோ மாற்றச் சொல். கடை மேலாளர்கள் வாய்ப்பேச்சை மறந்துபோவார்கள். தாளை மறக்க மாட்டார்கள்.

உன் மாமியார் இதைப் படிப்பார் என்றால் அவருக்கும் ஒரு வார்த்தை. குனிந்து நிமிர்ந்து வீடு கூட்டி, குத்துக்காலிட்டுத் தரை துடைத்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று நம் வீடுகளில் சொல்வோம். வலி இல்லாத பெண் நடமாடி வேலை செய்வது நல்லதுதான். கவட்டெலும்பு வலிக்கிறவளைக் குத்துக்காலிட்டு உட்காரவைத்தால் அந்த மூட்டையே நெம்புகோல் போட்டுப் பிரிப்பது போலாகும். கோலமும் அப்படித்தான், காலை அகட்டிக் குனிந்துதானே புள்ளி வைக்கிறோம். காய் நறுக்குவது, பருப்பு ஆய்வது, துணி மடிப்பது எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள். அவற்றைக் கொடுங்கள். கழிப்பறை தரைமட்டமாக இருந்தால், நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி ஒன்றை அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். மருத்துவக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும்.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டு வலி நீ அசைந்தால் வரும், அடங்கி உட்கார்ந்தால் குறையும். பிரசவ வலி நீ சும்மா இருந்தாலும் அலை மாதிரி வந்து வந்து போகும்; வயிறு கல் போல இறுகி இளகும். அப்படி விட்டுவிட்டு வந்தாலோ, இரத்தமோ நீரோ கண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சல் இருந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, கவட்டுப் பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, மாமியார் என்ன சொல்வார் என்று யோசிக்கவே கூடாது. நேரே ஆஸ்பத்திரி. வண்டி இல்லை என்றால் 108. பத்து முறை பொய் வலி என்று திரும்பி வந்திருந்தாலும் பதினோராவது முறையும் போ.

கேள்வி: என் மகளுக்கு எட்டாம் மாதம். புட்டத்துக்கு மேலே இரண்டு பக்கமும் குழி விழும் இடத்தில் வலித்து, தொடை வரை இறங்குகிறது. பக்கத்து ஊரில் ஒரு பெரியம்மா எண்ணெய் போட்டு உருவி, காலை மடக்கி இழுத்து 'சுளுக்கு' எடுக்கிறார். கூட்டிப்போகலாமா? மெடிக்கலில் கொடுத்த வலி மாத்திரை நன்றாகக் கேட்கிறது, தொடரலாமா? சூட்டு வலியாக இருக்குமோ என்று சீரகத் தண்ணீரும் கொடுக்கிறேன்.
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: தங்கச்சி, மாத்திரையை முதலில் நிறுத்துங்கள். பட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்று இருந்தால் எட்டாம் மாதத்தில் அது விளையாட்டல்ல. கர்ப்பத்தின் பின்பாதியில் இந்த வகை மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். எட்டாம் மாதத்தை ஒட்டி, குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிறகே மூட வேண்டிய ஓர் இரத்தக் குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடலாம். நன்றாகக் கேட்கிறது என்பதுதான் அதன் ஆபத்தே. யாரும் நிறுத்த மாட்டார்கள். இதுவரை எத்தனை மாத்திரை போட்டாள் என்பதை எண்ணி, அந்தப் பட்டையோடு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். வலி தாங்காவிட்டால் பாராசிட்டமாலை, எவ்வளவு என்று கேட்டு, அவர் சொன்ன அளவில் கொடுங்கள். வலி நிவாரணத் தைலங்களில் பலவற்றிலும் இதே டைக்ளோஃபினாக் இருக்கிறது. தடவுவதற்கு முன் அதையும் காட்டுங்கள்.

உருவும் பெரியம்மாவைப் பற்றி. முதுகில், தோளில் எண்ணெய் விட்டு இதமாகத் தடவுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது அம்மாவின் கையாக இருந்தால் இன்னும் சுகம். காலை மடக்கி இழுப்பது மட்டும் கூடாது. மகளுக்கு இருப்பது சுளுக்கு இல்லை. நான் மேலே செல்லூர்ப் பெண்ணுக்குச் சொன்ன வளையத்தின் பின்மூட்டு இரண்டும்தான் வலிக்கின்றன. ஏற்கெனவே இளகியிருப்பதை இழுத்தால் என்ன ஆகும், சொல்லுங்கள். வயிற்றை உருவவே விடாதீர்கள்.

சீரகத் தண்ணீர் கொடுங்கள், தவறில்லை. வாயு வலியாக இருந்தால் இதமாக இருக்கும். மூட்டுக்கு அது ஒன்றும் செய்யாது, அவ்வளவுதான். நான் பயப்படுவது சீரகத்துக்கு அல்ல. 'குடித்துப் பார்த்து, நிற்கிறதா என்று பார்ப்போம்' என்று வீட்டில் கழிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு.

ஒன்று செய்து பாருங்கள். பழைய பருத்திச் சேலையை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, வயிற்றுக்குக் கீழே, இரண்டு தொடை எலும்பும் பக்கவாட்டில் துருத்தும் இடத்தைச் சுற்றி, இறுக்காமல் ஒட்டினாற்போல் கட்டுங்கள். வயிற்றின் மேல் கட்டக் கூடாது. கட்டி நடந்தால் வலி குறைகிறது என்றால் இடுப்பு பெல்ட் அவளுக்கு உதவும் என்று பொருள். பிறகு இயன்முறை மருத்துவரைக் கேட்டுச் சரியான அளவில் வாங்கலாம். படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் உண்டு. பிரசவ மருத்துவரே அங்கே எழுதி அனுப்புவார், நீங்கள் வாய்விட்டுக் கேட்டால்.

வளைகாப்பு இன்னும் நடக்கவில்லை என்றால், மணையில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் வளையல் கையில் ஏறும்.

கேள்வி: மனைவிக்கு 35 வாரம். கவட்டெலும்பு வலியால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. இந்த நிலையில் சுகப்பிரசவம் நடக்குமா, ஆபரேஷன்தான் வழி என்று நாங்களே கேட்டுவிடலாமா?
– அவனியாபுரம் வாசகர்

பதில்: தம்பி, ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். 'ஊர் பார்த்தால் என்ன நினைக்கும்' என்று ஊன்றுகோலை மறுத்த கணவர்களைத் தெரியும்.

இந்த வலி இருக்கும் பெரும்பாலானவர்களுக்குச் சுகப்பிரசவமே நடக்கிறது. இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் செய்வது வழக்கமில்லை. வயிற்றைக் கிழித்தால் மூட்டு சீக்கிரம் சரியாகும் என்பதும் இல்லை. மூட்டு வலியோடு தையல் வலியும் சேரும். வேறு காரணம் இருந்தால் அது மருத்துவர் முடிவு.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தையல்காரர் டேப் ஒன்றை எடுங்கள். மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்கால்களை மெதுவாக அகட்டட்டும். வலி தொடங்கும் முன் நிறுத்தி, இரண்டு முழங்காலுக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணைத் தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, 'இதற்கு மேல் காலை அகட்டினால் வலி' என்று குறியுங்கள். பிரசவ அறையில் பரிசோதிக்கும்போதும், முக்கச் சொல்லும்போதும், தையல் போடும்போதும் காலை அகட்டித்தான் வைப்போம். அவசரத்தில் யாரும் கேட்கமாட்டோம், எழுதியிருந்தால் பார்ப்போம். முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போட்டால் இன்னும் கவனம் வேண்டும். அவளுக்கே வலி தெரியாது, அளவை மீறிவிடுவார்கள்.

மல்லாந்து படுத்துத்தான் பெற வேண்டும் என்றில்லை. ஒருக்களித்தோ, கையையும் முழங்காலையும் ஊன்றியோ இருந்தால் மூட்டுக்கு இதம். முடியுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் பிரசவத்தின்போது பெண் துணை ஒருவரை உள்ளே அனுமதிப்பார்கள். அந்த அங்குலக் கணக்கு அவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். துணைக்குக் கூச்சப்படாமல் வாய் திறந்து பேசுகிறவராகப் பார்த்து அனுப்புங்கள். பாசமான அத்தையைவிடச் சண்டைக்கார அத்தை மேல்.

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம். இன்னும் கவட்டெலும்பு வலிக்கிறது. குழந்தை பெற்றால் தானாகப் போய்விடும் என்றார்கள். தெருக்குழாயிலிருந்து நான்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். பெரியவனுக்கு மூன்று வயது, அவனும் இடுப்பைவிட்டு இறங்க மாட்டான்.
– சோழவந்தான்

பதில்: பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறைந்துவிடும். சிலருக்கு இழுத்துக்கொண்டு போகும். நான்கு மாதமாகியும் குறையவில்லை என்றால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டிவிட்டு இயன்முறைச் சிகிச்சைக்குப் போங்கள். அடிவயிற்றுத் தசையையும், சிறுநீரை அடக்குவதற்கு இறுக்குகிறோமே அந்தத் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் உண்டு. அவற்றை நேரில் ஒருமுறை செய்துகாட்டிக் கற்றுக்கொள்வதுதான் சரி; எழுத்தில் சொன்னால் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு இடுப்பில் குடம், மறு வேளை அதே இடுப்பில் பெரியவன். இடுப்பில் எதை வைத்தாலும் ஒரு பக்க எலும்பை மேலே தள்ளித்தானே நிற்கிறோம். ஆறாத மூட்டு மறுபடி கோணுகிறது. குடத்தை விட்டுவிட்டு, இரண்டு கைக்கும் சமமாக இரண்டு சிறு வாளி, அதுவும் பாதி நீர். நடை கூடும், போகட்டும். பெரியவனைத் தூக்குவதற்குப் பதில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடிக்கு அழையுங்கள். முதல் இரண்டு நாள் வீறிட்டு அழுவான். மூன்றாம் நாள் மடியே பிடித்துப்போகும். சின்னவளுக்குப் பால் கொடுக்கும்போது முதுகுக்குத் தலையணை, காலடியில் ஒரு பலகை.

அடுத்த முறை மாசமானால் இந்த வலி மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால் முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள், எட்டாம் மாதம் வரை காத்திருக்காமல். தண்ணீர் எடுக்க வீட்டில் வேறு கைகள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நாளைக் காலையிலிருந்து அந்தக் கைகளில் ஒரு வாளியைக் கொடுங்கள்.